வலை இல்லாத கோல்

அல்காந்தர் ஆசானின் மைதானத்தில் கோல்போஸ்டுக்கு வலை கிடையாது. வாங்க வழியில்லாமல் அல்ல. பெர்க்மான்ஸே தன் கம்பெனியிலிருந்து புத்தம்புது நைலான் வலையை இரண்டு முறை அனுப்பியிருக்கிறார். முதல் வலை ஆசான் வீட்டுப் பாகற்பந்தலில் கிடக்கிறது. இரண்டாவதைக் கோழிகள் கீரைப்பாத்தியைக் கிளறாமல் இருக்க வேலியாகக் கட்டிவிட்டார்.

இப்படிப்பட்ட மனிதரிடம் யோசனை கேட்டுப் போகலாமா என்று யாருக்கும் தோன்றும். காரில் உட்கார்ந்திருந்த பெர்க்மான்ஸுக்கும் தோன்றியது. ஆனால் போகாமல் இருக்க முடியவில்லை. நாலு மணிக்குப் போலீஸ் ஸ்டேஷனில் விசாரணை. அங்கே சொல்ல வேண்டிய ஒரே ஒரு வாக்கியத்தைக் காலையிலிருந்து மனப்பாடம் செய்துகொண்டிருந்தார். அது தொண்டையில் மீன்முள் மாதிரி குறுக்கே நின்றது.

"முளை அடிக்காமல் கோல்போஸ்ட்டை நிறுத்தியது பள்ளிக்கூடத்தின் தவறு."

அவ்வளவுதான் வாக்கியம். அதில் ஒரு எழுத்துகூடப் பொய் கிடையாது.

பெர்க்மான்ஸ் யாரென்று அந்தக் கடலோர ஊர்களில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். 'மதில்' பெர்க்மான்ஸ். கொல்கத்தாவிலும் கோவாவிலும் பெரிய கிளப்புகளுக்குக் கோல்கீப்பராக நின்றவர். பெனால்டி அடிக்க வருகிறவன் இவர் முகத்தைப் பார்த்துவிட்டுப் பந்தை இன்னொரு தரம் திருத்தி வைப்பான் என்பார்கள். முட்டி தேய்ந்து கையுறையைக் கழற்றிய பிறகு மற்ற ஆட்டக்காரர்களைப் போல இவர் பழைய கோப்பைகளைத் துடைத்துக்கொண்டு வீட்டில் உட்காரவில்லை. தொழிலில் இறங்கினார். கோல்போஸ்ட் செய்கிற தொழில். வாழ்நாளெல்லாம் ரெண்டு கம்பிக்கு நடுவே நின்றவனுக்கு வேறென்ன தெரியும் என்று ஊரில் சிரித்தார்கள். சிரித்தவர்களின் பிள்ளைகள் பாதிப்பேர் இன்று அவருடைய பட்டறையில்தான் வெல்டிங் செய்கிறார்கள்.

அவர் முதன்முதலில் செய்த போஸ்ட் மகா கனம். மேல் கம்பியை யாராவது பிடித்து இழுத்தாலும் முன்னால் கவிழ்ந்துவிடக் கூடாது என்று, பின்பக்க அடிக்குழாயில் மணலை நிரப்பி மூடியிருந்தார். ஆறு பேர் சேர்ந்தால்தான் நகரும். பள்ளிக்கூடத்துக்காரர்கள் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்கள். அதே மைதானத்தில் காலையில் பிரேயர், மதியம் கபடி, மாலையில்தான் கால்பந்து. எங்களுக்குத் தள்ளி வைக்கிற மாதிரி வேண்டும் சார் என்றார்கள்.

மணல் போயிற்று, சக்கரம் வந்தது. கவிழாமல் இருக்க நான்கு இரும்பு முளைகள். போஸ்ட்டை எங்கே நிறுத்தினாலும் அடிக்குழாயைத் தரையோடு சேர்த்து முளையடித்துவிட வேண்டும். முளைகளைச் சாக்குப்பையில் கட்டி ஒவ்வொரு போஸ்ட்டோடும் அனுப்பினார்கள். வியாபாரம் பிய்த்துக்கொண்டு போனது. பெர்க்மான்ஸ் முதலாளி ஆனார்.

சனிக்கிழமை ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் அந்த லேசான போஸ்ட் ஒன்று கவிழ்ந்துவிட்டது. ஆட்டம் தொடங்கும் முன்பு பெண்கள் அணியின் கோல்கீப்பர் எம்பி மேல் கம்பியைப் பிடித்திருக்கிறாள். போஸ்ட் முன்னால் சாய்ந்து அவள் மேலேயே விழுந்தது. முளைகள் இருந்த சாக்குப்பை, கட்டுக்கூடப் பிரிக்காமல், விளையாட்டுச் சாமான் அறையில் கிடந்தது.

பெயர் ஜெபிஷா. பத்தாம் வகுப்பு. இடுப்பெலும்பில் விரிசல். வலது மணிக்கட்டு நொறுங்கிவிட்டது. அந்தக் கை இனி ஒரு பந்தைப் பிடிக்குமா என்று கேட்டால் டாக்டர்கள் பேச்சை மாற்றினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பெர்க்மான்ஸ் ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் போனார். கார்க் கண்ணாடியை இறக்கவில்லை. வாசல் படியில் கைலி கட்டிய ஒருவர் பிளாஸ்கைக் கையில் பிடித்தபடி எங்கோ பார்த்துக்கொண்டு நின்றார். பிள்ளையின் அப்பா ததேயுவாக இருக்க வேண்டும். அவர் காலடியில் ஒரு இளம்பெண் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். விளையாட்டு உடுப்பு, கழுத்தில் விசில். முந்தின நாள் மாட்டிய விசிலைக் கழற்றக்கூட அவளுக்குத் தோன்றவில்லை போலும்.

"அது ஆரு ரசாலம்?" என்று டிரைவரைக் கேட்டார்.

"அமலா டீச்சரு சார். பி.டி. டீச்சரு. நேத்துலேருந்து வீட்டுக்கே போகல்லியாம்."

"வண்டிய எடு."

அந்த டீச்சரை வைத்துத்தான் இன்று காலை பேச்சே நடந்தது.

"இதுல யோசிக்க ஒண்ணுமே இல்ல சார்," என்றார் மேனேஜர் சுரேந்திரன். "முளை குடுத்தோமா? குடுத்தோம். அடிச்சாங்களா? அடிக்கல்ல. அத மட்டும் சொல்லுங்க. அதுக்கு மேல ஒரு வார்த்த வேண்டாம்."

"அப்போ கேஸ் ஆரு மேல வரும்?"

"அமலா டீச்சர் மேல. கிரவுண்டுக்கு அவங்கதான் பொறுப்பு. தற்காலிக வேலதான் சார் அது."

சுரேந்திரன் அதை ஆறுதலுக்காகத்தான் சொன்னார்.

"நான் அந்தப் பிள்ளையப் போய்ப் பாத்துட்டு வந்துரட்டா?"

"ஐயோ, அந்தப் பக்கமே போயிராதீங்க. போனா நம்ம தப்ப நாமே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும்னு வக்கீல் சொல்லியிருக்காரு."

பேசும்போது சுரேந்திரனின் கண் பெர்க்மான்ஸின் தலைக்கு மேலே போய்ப் போய் வந்தது. நாற்காலிக்குப் பின்னால் சுவரில் ஆளுயரப் படம் ஒன்று மாட்டியிருந்தது. கம்பெனியின் விளம்பரப் படம். போஸ்ட் வாங்குகிற ஒவ்வொரு பள்ளிக்கூடத்துக்கும் அதே படத்தை இலவசமாகக் கொடுப்பது வழக்கம். சுரேந்திரன் எதைப் பார்க்கிறார் என்று பெர்க்மான்ஸுக்குத் தெரியும். ஆனால் திரும்பவில்லை. இரண்டு நாளாகவே அவர் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

ஸ்டேஷனுக்கு என்று புறப்பட்டுக் கார் பாலத்தைத் தாண்டியபோது போன் அடித்தது. ததேயு. சனிக்கிழமையிலிருந்து அந்த எண்ணை அவர் எடுக்கவே இல்லை. இப்போது ஏன் எடுத்தார் என்று அவருக்கே தெரியாது. வசவு வாங்கினால் கொஞ்சம் லேசாகும் என்று மனசு நினைத்ததோ என்னவோ.

"சார், நான் ஜெபிஷாவுக்க அப்பா."

"சொல்லுங்க."

"பிள்ள காலம்பற நல்லாக் கண்ணு முழிச்சா சார். ஒங்களப் பாக்கணும்ங்கா. அவளுக்கு ஒங்க மேல உயிரு. ஒருக்கா வந்துட்டுப் போவியளா?"

பெர்க்மான்ஸ் போனை மறு காதுக்கு மாற்றினார்.

"ஒங்களுக்கு ஆயிரம் சோலி இருக்கும். முடிஞ்சப்போ வந்தா மதி சார்," என்று அந்த மனிதர் தாழ்மையாகச் சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

திட்டியிருந்தால் பெர்க்மான்ஸிடம் பதில் இருந்தது. வக்கீல் அதற்கெல்லாம் சொல்லிக் கொடுத்திருந்தார். இதற்கு யாரும் ஒன்றும் சொல்லிக் கொடுக்கவில்லை. நிறைந்த கேலரியின் முன்னால் நின்றபோதெல்லாம் வராத பயம், ஒரு பத்தாம் வகுப்புப் பிள்ளையின் கட்டிலை நினைத்து வந்தது.

"ரசாலம், வண்டியத் திருப்பு."

"ஆஸ்பத்திரிக்கா சார்?"

"இல்ல. ஆசான் கிரவுண்டுக்கு."

ஆசான் என்றால் தாடியும் தடியும் வைத்த கிழவர் என்று நினைத்துவிட வேண்டாம். பெர்க்மான்ஸைவிட மூன்று வயது இளையவர். பெர்க்மான்ஸின் புகழ் ஏறிக்கொண்டிருந்த காலத்தில், அவர் அப்போது ஆடிய கிளப் கோல்கீப்பர்களுக்கென்று தனியாக ஒரு கோச்சைக் கொண்டு வந்தது. வந்தவர்தான் அல்காந்தர். மாவட்ட அணியைத் தாண்டி ஆடியதில்லை. இடது கையில் இரண்டு விரல்கள் முறிந்து கோணலாகச் சேர்ந்திருந்தன. பேப்பரில் படம் வருகிற பெர்க்மான்ஸுக்கு இந்தக் கோணல் விரல்காரன் சொல்லித்தருவதா? "வாங்க ஆசானே" என்று நக்கலாகக் கூப்பிட்டார். மற்றவர்களும் பிடித்துக்கொண்டார்கள். அந்த நக்கல் எந்த நாளில் மரியாதையாக மாறியது என்று யாராலும் சொல்ல முடியாது.

முதல் நாள் பயிற்சிக்கு வந்தால் கோலில் வலை இல்லை.

"வலை எங்க?"

"கழத்திட்டேன்."

"எதுக்கு?"

"கண்ண மறைக்கு."

கோலுக்குப் பின்னால் ஒரு சரிவு. சரிவு முழுக்க முள். அதற்கப்பால் கால்வாய். உள்ளே போன பந்து அங்கேதான் போய் நிற்கும். எடுத்து வருவது கோலியின், அதாவது கோல்கீப்பரின் வேலை. பந்து பொறுக்கிக் கொடுக்க ஆள் இருந்தாலும் ஆசான் விட மாட்டார். கோலி போக வேண்டும், கோலி வர வேண்டும், அதுவரை ஆட்டம் நிற்கும்.

ஒரு பயிற்சி ஆட்டத்தில் பின்வரிசையில் ஆடிய பையன் ஒருவன் பதற்றத்தில் பந்தைத் தன் கோலுக்கே தட்டிவிட்டான். பந்து சரிவில் இறங்கி, கால்வாயில் விழுந்து, சாவகாசமாக மிதக்கத் தொடங்கியது. பெர்க்மான்ஸ் இடுப்பில் கை வைத்தார்.

"அது அவன் வாங்கித் தந்த கோலு. அவன் போய் எடுக்கட்டும்."

ஆசான் விசிலைப் பையில் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். ஒவ்வொருவராக எல்லாரும் உட்கார்ந்தார்கள். வெயில் ஏறியது. அந்தப் பையன் மட்டும் நின்ற இடத்திலேயே தலையைக் குனிந்து நின்றான். பந்து பாலத்தடி வரை போய்விட்டது. கடைசியில் பெர்க்மான்ஸ் வாயில் வந்த கெட்ட வார்த்தையையெல்லாம் உரக்கவே சொல்லிக்கொண்டு சரிவில் இறங்கினார்.

நெஞ்சளவு தண்ணீரில் நடந்து, காலெல்லாம் முள் கீறி, பந்தோடு ஏறி வந்தபோது அந்தப் பையன் அழுதுகொண்டிருந்தான். பெர்க்மான்ஸுக்குப் புரியவில்லை. திட்டியபோது அழாதவன் இப்போது ஏன் அழுகிறான்? ஆசானிடம் கேட்டார். ஆசான் உதட்டைப் பிதுக்கினார். அதற்குப் பிறகு அந்தப் பையன் பெர்க்மான்ஸின் முன்னால் ஒரு பந்தையும் சும்மா விட்டதில்லை. மூக்குடைந்த நிலையிலும் தலையைக் கொடுத்தான்.

பிறகு பெர்க்மான்ஸ் கொல்கத்தா, கோவா என்று பெரிய மைதானங்களுக்குப் போய்விட்டார். அங்கெல்லாம் நல்ல வலை. கோல் விழுந்தால் யாராவது பந்தை எடுத்து நடுவுக்கு உதைத்துவிடுவார்கள். கோல்கீப்பர் திரும்ப வேண்டிய அவசியமே இல்லை.

ஆசானின் மைதானம் கடலுக்குப் பக்கத்தில் இருந்தது. கார் போய் நின்றபோது ஏழெட்டுப் பிள்ளைகள், எல்லாரும் கோல்கீப்பர்கள், வரிசையாக நின்று பந்து பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஆசான் அவர்களுக்குப் பந்து எறிந்துகொண்டிருந்தார்.

"வாரும் ஓய்," என்றார், திரும்பாமலே.

"ஆசானே, கொஞ்சம் தனியாப் பேசணும்."

"பேசுவோம். கோல்ல போய் நில்லும்."

"ஆட வரல்ல ஆசானே. நாலு மணிக்கு ஸ்டேஷன்ல இருக்கணும்."

"நாலு ஆகல்லியே. நில்லும்."

ஸ்டேஷனுக்கென்று போட்ட இஸ்திரிச் சட்டையும் தோல் ஷூவுமாகப் பெர்க்மான்ஸ் கோலுக்குள் போனார். பிள்ளைகள் விலகி வழிவிட்டார்கள். "மதிலு, மதிலு" என்று ஒருத்தி பக்கத்தில் இருந்தவள் காதில் சொன்னாள். அது அவர் காதிலும் விழுந்தது.

போஸ்ட் அவருக்குத் தெரிந்த போஸ்ட்தான். பட்டறையில் முதன்முதலாகச் செய்து, விற்காமல் போய், ஆசானுக்குச் சும்மா கொடுத்தது. வெள்ளைப் பெயின்ட் உப்புக்காற்றில் உரிந்திருந்தது. மணல் நிரப்பிய அடிக்குழாய் தரையில் பாதி புதைந்து கிடந்தது.

"கம்பியத் தொடல்லியா?" என்றார் ஆசான்.

பெர்க்மான்ஸுக்குத் திக்கென்றது.

கோலில் நிற்கப் போகிறவன் முதலில் எம்பி மேல் கம்பியைத் தொடுவான். உலகத்தில் எந்த ஊர்க் கோல்கீப்பரும் அப்படித்தான். உயரம் எவ்வளவு என்று கைக்குத் தெரிய வேண்டும். கண் பந்தின் மேல் இருக்கும்போது கைதான் கம்பியை ஞாபகம் வைத்துக்கொள்ளும். பெர்க்மான்ஸ் தன் ஆட்ட வாழ்க்கையில் சிலுவை போட மறந்த நாள் உண்டு, கம்பியைத் தொட மறந்த நாள் கிடையாது.

"வேண்டாம் ஆசானே."

"தொடாம நிக்கிற ஆளு இல்லியே நீரு."

"வேண்டாம்னு சொன்னேன்."

"தொடும் ஓய்."

பிள்ளைகள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெர்க்மான்ஸ் எம்பினார். முட்டி வலித்தது. இரண்டு கையும் தாமாகவே கம்பியைப் பற்றிக்கொண்டன, உடம்பு ஒரு கணம் தொங்கியது. போஸ்ட் அசையவில்லை. அடிக்குழாயில் இருந்த மணல் அவருடைய முழுப் பாரத்தையும் முணுமுணுக்காமல் தாங்கியது.

சுட்டதுபோலக் கையை விட்டார்.

அந்த விளம்பரப் படம் எடுத்தது இங்கேதான். இதே போஸ்ட்டில்தான். மேல் கம்பியை இரண்டு கையாலும் பற்றித் தொங்கியபடி பெர்க்மான்ஸ் பல் தெரியச் சிரிக்கிற படம். நன்றாக வந்திருக்கிறது என்று எல்லாரும் சொன்னார்கள். பிறகு மணல் போய்ச் சக்கரம் வந்தது. படம் மட்டும் மாறவில்லை. லேசான போஸ்ட்டோடு அதே சிரிப்பு ஊர் ஊராகப் போனது.

"ஆசானே," என்றார். "நான் ஸ்டேஷன்ல என்ன சொல்லட்டும்?"

ஆசான் ஒரு பந்தைத் தரையில் வைத்தார். ஓடிவரக்கூட இல்லை. நின்ற இடத்திலிருந்தே காலின் உட்பக்கத்தால் தட்டினார். சாதாரணப் பந்து. வரிசையில் நின்ற கடைசிப் பிள்ளைகூடப் பிடித்திருக்கும். பெர்க்மான்ஸின் மனசு பந்தில் இல்லை. கை நீட்டியபோது அது அவரைத் தாண்டிப்போய், மணல்சரிவில் உருண்டு, தாழம்புதருக்குள் புகுந்து வெளியே வந்து, கடலோர ஈரத்தில் போய் நின்றது.

ரசாலம் காரிலிருந்து பாய்ந்து ஓடினான். முதலாளியின் பந்தல்லவா.

"தம்பி, நில்லு," என்றார் ஆசான்.

ரசாலம் நின்றான். பிள்ளைகள் யாரும் நகரவில்லை. அவர்களுக்கு இந்த மைதானத்தின் வழக்கம் தெரியும்.

பெர்க்மான்ஸும் நகரவில்லை. சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. சுரேந்திரன். அடித்து ஓய்ந்தது.

"ஆசானே, வெளையாட நேரமில்ல. ஒரு பிள்ள ஆஸ்பத்திரியில கெடக்கு."

"கேள்விப்பட்டேன்."

"போஸ்ட்டு நம்ம போஸ்ட்டு. ஆனா முளை அடிக்கல்ல. முளை அடிச்சிருந்தா கவிழ்ந்திருக்காது."

"முளை எங்க கெடந்துச்சு?"

"சாக்குப்பையில."

"சாக்கு மேல என்னவாவது எழுதியிருந்துச்சா?"

"இல்ல."

"இது எதுக்குன்னு ஆராவது சொன்னாங்களா?"

"லோடு எறக்கப் போனவன் சொல்லியிருக்கணும். அவன் சொல்லல்ல."

"அவன்ட்ட சொல்லச் சொன்னது ஆரு?"

அப்படி யாரும் சொன்னதாகப் பெர்க்மான்ஸுக்கு நினைவில்லை.

"செரி. பிள்ள எதுக்கு ஓய் கம்பியப் பிடிச்சா?"

"கோலின்னா கம்பியத் தொடாம இருப்பாளா?"

"தொட்டாளா, தொங்கினாளா?"

போன் மறுபடியும் அதிர்ந்தது. பெர்க்மான்ஸ் அதைப் பையோடு சேர்த்துக் கையால் அமுக்கினார். நெற்றியிலிருந்து வேர்வை கண்ணுக்குள் இறங்கியது.

"தொங்கினா," என்றார்.

"எதுக்கு?"

அலை ஒன்று கரையேறிப் பந்தைத் தொட்டுவிட்டுப் போனது. அடுத்த அலை அதைச் சற்று இழுத்தது. பிள்ளைகளின் கண்கள் பந்தின் மேலேயே இருந்தன.

"எதுக்கு ஓய்?"

"என்னப் பாத்து," என்றார் பெர்க்மான்ஸ்.

சொன்ன பிறகுதான் தான் சொல்லிவிட்டது தெரிந்தது. சுரேந்திரனிடம் சொல்லாதது, வக்கீலிடம் சொல்லாதது, இரண்டு ராத்திரியும் பக்கத்தில் படுத்திருந்த மனைவியிடம் சொல்லாதது. சொன்னதும் லேசாகும் என்று நினைத்திருந்தார். ஆகவில்லை. பயம் அப்படியே கோபமாக மாறிக் கொதித்துக்கொண்டு வந்தது.

"நான் என்ன ஆசானே செய்ய? தொங்கிக்கிட்டுச் சிரிங்கன்னு சொன்னது விளம்பரக்காரன். படத்த மாத்தாம விட்டது ஆபீஸ்ல உள்ளவங்க. மணல எடுன்னு சொன்னது பள்ளிக்கூடத்துக்காரங்க. சாக்கத் தூக்கி மூலையில போட்டது வாட்ச்மேன். ஆட்டத்துக்கு முன்னால போஸ்ட்ட ஒருதரம் ஆட்டிப் பாக்காதது டீச்சரு. எத்தன பேரு! எத்தன பேரு இதுல! அவங்க ஒருத்தரும் அந்தப் பிள்ளைக்க முன்னால போய் நிக்கல்ல. ஸ்டேஷன்ல போய் என் தப்புன்னு ஒருத்தரும் சொல்லல்ல. நான் எதுக்கு ஆசானே போகணும்? நான் மட்டும் எதுக்கு?"

கடைசிச் சொல் வரும்போது அழுகிற குரலாகிவிட்டது. பிள்ளைகளின் முன்னால் இப்படி ஆகிவிட்டதே என்று வெட்கமாக இருந்தது. ஆனாலும் அடக்க முடியவில்லை.

ஆசான் கழுத்து விசிலைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார். உட்காரப் போகிறார் என்று நினைத்தார் பெர்க்மான்ஸ். அவர் உட்காரவில்லை. கிட்டே வந்து, கோணல் விரலை நீட்டி, பெர்க்மான்ஸின் தோளுக்கு அப்பால் காட்டினார்.

"பந்து ஒமக்குப் பின்னால கெடக்கு ஓய்."

பெர்க்மான்ஸ் அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. குனிந்து ஷூவைக் கழற்றினார். சட்டைப்பையில் இருந்த போனை எடுத்து ரசாலத்திடம் நீட்டினார்.

"மேனேஜர் சார் கூப்பிட்டா என்ன சொல்ல சார்?" என்றான் ரசாலம்.

"ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு ஸ்டேஷனுக்கு வாறேன்னு சொல்லு. அங்க என்ன சொல்லணும்னு இனி அவரு சொல்லித்தர வேண்டாம்னு சொல்லு."

பிறகு திரும்பினார். வெறுங்காலோடு, முட்டியைப் பிடித்துக்கொண்டு, மணல்சரிவில் மெல்ல இறங்கினார். அவர் பந்தோடு ஏறி வரும்வரை பிள்ளைகள் வரிசை கலையாமல் நின்றார்கள்.